மூன்றாம் வருடக் கட்டணம்: மலையகத் தனியார் கல்லூரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தோட்டத்துப் பிள்ளை ஒன்று தனியார் கல்லூரியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தால் அது ஊருக்கே தெரியும். பொன்னாடை, பெரிய மட்டையில் அச்சடித்த காசோலை, நடுவில் நன்கொடையாளர் நிற்கும் படம் எல்லாம் முகநூலில் வரும். இரண்டு மூன்று வருடம் கழித்து அந்தப் பிள்ளை படிப்பை முடித்ததா என்று கேட்டுப் பாருங்கள். "கொழும்புப் பக்கம் வேலையாம்" என்று பேச்சை மாற்றுவார்கள். பேச்சு மாறும் அந்த இடத்தைப் பற்றியதுதான் இந்த ஆய்வு.

மலையக நகரொன்றில் இயங்கும் சிறிய கல்லூரியின் மாணவி ஒருவர், அங்கே படித்து முடித்த ஒருவர், அந்தக் கல்லூரிக்கு வருடாவருடம் பணம் கொடுத்துவந்த வர்த்தகர் ஒருவர் ஆகிய மூவரிடமும் பேசி எழுதியது. கல்லூரியின் இணைப்பாளரும் மறைக்காமல் பேசினார். ஊர், கல்லூரி, ஆட்கள் எதற்கும் பெயர் போடவில்லை. இவர்கள் நாளைக்கும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்கள்.

பேக்கரிக்கு மேலே

கீழே பேக்கரியும் மருந்துக்கடையும். மேலே இரண்டு மாடி கல்லூரி. பிள்ளைகள் அதை 'யூனி' என்பார்கள். சட்டப்படி அது பதிவு செய்யப்பட்ட ஒரு கம்பனி. தனியார் நிறுவனம் ஒன்று தன் பெயரிலேயே பட்டம் வழங்க வேண்டுமானால், 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25ஏ பிரிவின்படி அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும். அதற்கு முயலாத நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. இங்கேயும் அப்படித்தான். முதல் இரண்டு வருடம் பிரித்தானிய நிறுவனமான பியர்சனின் எச்.என்.டி. என்ற உயர் தேசிய டிப்ளோமா, 240 கிரெடிட். மூன்றாம் வருடம் பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் 'டொப்-அப்', அதாவது டிப்ளோமாவைப் பட்டமாக உயர்த்தும் கடைசி வருடப் படிப்பு, 120 கிரெடிட். இரண்டும் சேர்ந்து 360 ஆனால்தான் பட்டம்.

தனியார் பல்கலைக்கழகம் என்றாலே நமக்கு வட கொழும்பு மருத்துவக் கல்லூரியும் மாலபேயில் இருந்த சைட்டம் மருத்துவக் கல்லூரியும்தான் நினைவுக்கு வரும். முதலாவதை 1989 இல் அரசு பொறுப்பேற்றது. இரண்டாவதன் மாணவர்கள் நீண்ட இழுபறிக்குப் பிறகு கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். ஊர்வலம், கண்ணீர்ப்புகை, நீதிமன்றம் எல்லாம் வைத்தியப் பட்டத்தைச் சுற்றியே நடந்தன. பேக்கரிக்கு மேலே நடக்கும் கணினிப் பட்டத்தை ஆதரித்தும் யாரும் வீதிக்கு வந்ததில்லை, எதிர்த்தும் வந்ததில்லை.

ஆனாலும் ஆள் சேர்கிறது. உயர்தரத்தில் தகுதி பெறுபவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம். பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருப்பவைதான். ஒதுக்கீடு மாவட்டத்துக்குத்தானே தவிர, தோட்டத்துக்கென்று தனியாக எதுவும் இல்லை. வெளியூர்ப் பிள்ளைகள் இங்கே வந்து பரீட்சை எழுதி அந்த இடங்களைப் பிடிக்கிறார்கள் என்ற மனக்குறை மலையகப் பாடசாலைகளில் இன்றைக்கு நேற்றைக்கு வந்ததில்லை.

மாணவி

மஸ்கெலியாப் பக்கத் தோட்டம். அப்பா தொழிற்சாலையில், அம்மா கொழுந்து மலையில். கொரோனாவால் தள்ளிப்போன 2021 உயர்தரப் பரீட்சையை 2022 பெப்ரவரியில் எழுதியவர். வர்த்தகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி காணாது. இரண்டாம் தரம் எழுதலாம், கல்வியியல் கல்லூரிக்குக் காத்திருக்கலாம், இல்லாவிட்டால் ஆடைத் தொழிற்சாலை. அந்த நேரத்தில்தான் பாடசாலைக்குக் கல்லூரிக்காரர்கள் துண்டுப்பிரசுரத்தோடு வந்தார்கள். 'மூன்று வருடத்தில் பிரித்தானியப் பட்டம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. 'டொப்-அப்' என்ற சொல் மடிப்பின் உள்பக்கத்தில்.

வகுப்பு சனி, ஞாயிறு. விடியற்காலை முதல் பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்து அங்கே வேறு பஸ் பிடிக்க வேண்டும். படிப்பு ஆங்கில மொழிமூலம் என்று சொன்னாலும், கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வரும் விரிவுரையாளர்கள் திரையில் ஆங்கிலத்தைக் காட்டிவிட்டு வாயால் சிங்களத்தில் விளக்கினார்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு அது வசதி. தமிழில் உயர்தரம் படித்த பிள்ளைக்கு அது இரண்டு சுவர். அவருடைய முதல் செமஸ்டர்க் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். இடப்பக்கம் திரையிலிருந்து பார்த்தெழுதிய ஆங்கிலம். வலப்பக்கம் காதில் விழுந்த சிங்களத்தைத் தமிழ் எழுத்தில் எழுதியது. சில இடங்களில் அதற்குக் கீழே பென்சிலால் தமிழ் அர்த்தம். பென்சில் எழுத்து வேறொருவருடையது. நகரத்து முஸ்லிம் மாணவன் ஒருவன் மூன்று மொழியும் தெரிந்தவன். தேநீர் இடைவேளையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறான். கல்லூரியின் கட்டணப் பட்டியலில் 'மாணவர் உதவிச் சேவை' என்று ஒரு வரி உண்டு. அந்த வேலையைச் செய்தது இந்தப் பையன்.

ஒப்படைகள் எல்லாம் இணையத்தில்தான் சமர்ப்பிக்க வேண்டும். தவணைப் பணம் கட்டும் திகதி தாண்டினால் மறுநாள் காலை கணக்கு பூட்டப்பட்டுவிடும். திரையில் ஒரு சிவப்பு வரி மட்டும். இரண்டாம் வருடத்தில் ஒருமுறை, எழுதி முடித்த ஒப்படையைக் கையில் வைத்துக்கொண்டு சமர்ப்பிக்க முடியாமல் போனது. பணம் கட்டிப் பூட்டு திறந்தபோது அது 'தாமதம்' ஆகிவிட்டது. தாமதமானதற்கு வெறும் சித்திப் புள்ளிக்கு மேல் கிடையாது. பணக் கஷ்டம் புள்ளியாகப் பெறுபேற்றில் ஏறுவது இப்படித்தான். பிற்காலத்தில் நேர்முகத் தேர்வில் பெறுபேற்றைப் பார்ப்பவருக்கு அது தெரியப்போவதில்லை.

பணம் எங்கிருந்து வந்தது? முதல் வருடத்தில் பாதி புலமைப்பரிசில், மீதி அம்மாவின் சங்கிலியும் தோடும் அடகில். இரண்டாம் வருடம் அம்மா எடுத்த சீட்டு, கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் நிற்கும் அண்ணன் அனுப்பியது. மூன்றாம் வருடத்துக்கு அடகு வைக்க நகை இல்லை, சீட்டுக்கு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், தம்பி உயர்தரத்துக்கு வந்துவிட்டான். கட்டணமும் முதல் இரண்டு வருடம் போல இல்லை. அதில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பங்கு ஸ்டேர்லிங் பவுணில். 2022 மார்ச்சுக்கு முன் 270 ரூபாவை ஒட்டியிருந்த பவுண் இரண்டு மாதத்துக்குள் 400ஐத் தாண்டியது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. ஆயிரம் பவுணை நான்கு இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். 2024 இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது கிட்டத்தட்ட 300 பேர்; தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்பார்கள். மாதத்துக்கு 25 நாளும் முழுப்பேர் விழுந்தால், ஒரு பைசா செலவழிக்காமல் ஒரு வருடம். நிர்ணயித்த கிலோ வராத நாளில் அரைப்பேர் என்பதையும், சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிவதையும் நான் இதில் சேர்க்கவில்லை.

ஊழியர் சேமலாப நிதியில் 30 வீதத்தை இடையிலே எடுக்கலாம் என்று யாரோ சொல்ல, அப்பா விசாரித்துப் பார்த்தார். வீட்டுக்கும் வைத்தியத்துக்கும்தான் அது, படிப்புக்கு இல்லை. இருக்கும் லயக் காம்பராவுக்கு, தோட்டத்து வரிசை வீட்டு அறைக்கு, உறுதிப் பத்திரம் கிடையாது, ஈடு வைக்க வழியில்லை. வங்கியில் நிரந்தர வருமானமுள்ள பிணையாளர்களைக் கேட்டார்கள். தோட்டத்தில் அப்படி இருப்பவர்கள் ஆசிரியர்கள்தான். அவர்கள் ஏற்கெனவே பாதித் தோட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டு முடித்தவர்கள். 2017 இல் அரசு தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் என்று ஒன்று இருக்கிறதே என்று நான் கேட்டேன். அது அமைச்சு அங்கீகரித்த நிறுவனங்களின் உள்நாட்டுப் பட்டங்களுக்கு. பேக்கரி மாடிக்கு எட்டாது. மஹாபொல புலமைப்பரிசிலும் அப்படியே, அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர்களுக்கு மட்டும். ஆக, இசட் புள்ளி தவறிய பிள்ளைக்கு இடம் மட்டுமல்ல, அதோடு ஒட்டி வரும் உதவியும் சேர்ந்தே போய்விடுகிறது.

2025 தொடக்கத்தில் அவர் 'கொஞ்ச நாளைக்கு' என்று நின்றுவிட்டு, நகரத்தில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் சேர்ந்தார். போட்டோப் பிரதி எடுப்பதும் ஒப்படைகளுக்குச் சுருள் கம்பி போடுவதும் வேலை. சில வாரம் தன்னுடைய பெட்ச் பிள்ளைகளின் ஒப்படைகளே கைக்கு வந்தன.

இந்த நிலையில் அவரிடம் இருந்தது எச்.என்.டி. மட்டும். அது வெறும் தாள் இல்லை, வேலைக்கு உதவும் தகைமைதான் என்று இணைப்பாளர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் துண்டுப்பிரசுரம் விற்றது பட்டத்தை.

முதலாளி

நகரத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். லயத்தில் பிறந்து, பத்தாம் வகுப்போடு கடைப் பையனாகச் சேர்ந்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டவர். தாய் கொழுந்து பறித்தவர். தாயின் பெயரில் ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் ஒன்றை ஆரம்பித்து, வருடத்துக்குச் சில பிள்ளைகளின் முதல் வருடக் கட்டணத்தில் பாதியைக் கொடுத்துவந்தார். ஏன் முதல் வருடம்? அவர் யோசித்து எடுத்த முடிவு இல்லை அது. கல்லூரி அப்படிக் கேட்டது, அவர் அப்படிக் கொடுத்தார். கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் மாதத்தில்தான் புலமைப்பரிசில் தேவை; விளம்பரத்தில் போடலாம்.

இன்னொன்றும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் பணம் கொடுத்தது இலாபம் தேடும் ஒரு கம்பனிக்கு. வருமான வரியில் நன்கொடை என்று கழிக்க வேண்டுமானால், பெறுவது அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனமாக இருக்க வேண்டும். அவருடைய கணக்காளர் அதைக் கழிக்க முடியாது என்றபோது கோபித்துக்கொண்டாராம். என் கண்ணுக்கு இது நன்கொடையே இல்லை. ஒருவருக்காக மற்றொருவர் கட்டிய கட்டணம். அதில் தவறொன்றும் கிடையாது. ஆனால் கட்டணம் கட்டியவருக்கு, வாங்கிய பொருள் கைக்கு வந்ததா என்று கேட்கும் உரிமை உண்டு.

கேட்கும் சந்தர்ப்பம் தற்செயலாக வந்தது. பட்டியல் ஒன்றைப் பிரதி எடுக்க அந்தக் கொமியுனிகேஷன் கடைக்குப் போனவர், இயந்திரத்துக்குப் பின்னால் நின்ற பிள்ளையை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீ நம்ம பரிசு எடுத்த புள்ளதானே? இங்க என்னா செய்யிற?"

"படிப்ப நிப்பாட்டிட்டேங்க ஐயா. கடைசி வருசத்துக்குக் கட்ட முடியல."

அந்த வாரமே கல்லூரிக்குப் போனார். "தம்பி, நான் இது வரைக்கும் குடுத்த புள்ளைங்க பேரு லிஸ்ட் ஒன்னு தாங்க. யாரு முடிச்சது, யாரு முடிக்கல?" இணைப்பாளர் விழாப் படங்களின் அல்பத்தை எடுத்து வைத்தார். வருட வாரியாக ஒழுங்காக ஒட்டியிருந்தது. பட்டியல் இருக்கவில்லை.

கல்லூரியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2022 இல் ரூபா சரிந்தபோது ஒரு பெட்ச் பிள்ளைகளை ஏற்கெனவே வெளிநாட்டில் பதிந்தாயிற்று. பழைய விலைக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. பவுணில் வந்த பற்றுச்சீட்டில் ஏறிய தொகையில் ஒரு பகுதியைக் கல்லூரியே தாங்கியது. விரிவுரையாளர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி. திகதி தாண்டினால் கணக்கைப் பூட்டும் வழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் மாடி வாடகையே கட்ட முடியாத நிறுவனம் இது. ஈவிரக்கம் இல்லாமல் நடக்கிறார்கள் என்பது எளிய குற்றச்சாட்டு. பயந்து நடக்கிறார்கள் என்பதே நான் கண்டது. ஆனால் தான் சேர்த்த பிள்ளைகளில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று எழுதி வைக்க எந்த ஸ்டேர்லிங் பவுணும் தேவையில்லை.

அக்கா

ஆரம்ப பெட்ச் ஒன்றில் படித்தவர். கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை, வெள்ளவத்தையில் போர்டிங். தற்போதைய மாணவர்களுக்கு அவர் 'அக்கா'. கல்லூரி மீது அவருக்குப் பாசமும் இருக்கிறது, கடுப்பும் இருக்கிறது. "அது இல்லன்னா நான் இந்த வேலைல இல்ல. அதுக்காக எல்லாத்தையும் சரின்னு சொல்ல முடியாது" என்றார். பட்டமளிப்பு விழா கொழும்பில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில். அங்கி வாடகை, படம், இரண்டு பேருக்கு மட்டும் அனுமதிச் சீட்டு, தோட்டத்திலிருந்து வேன். அப்பாவையும் அம்மாவையும் உள்ளே அனுப்பிவிட்டு, படிக்க வைத்த மாமா வெளியே வேனில் இருந்தாராம். நூலகப் பாக்கி என்று ஏதோ சொல்லிச் சான்றிதழை மாதக்கணக்கில் கொடுக்கவில்லை. அதற்கிடையில் அவருடைய படத்தைப் போட்டு ஒரு பேனர், பஸ் நிலையத்துக்கு எதிரே. கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

பழைய மாணவர் சங்கம் என்று கல்லூரியிடம் ஒன்று உண்டு. ஆண்டிறுதி ஒன்றுகூடலோடு சரி. இவர்கள் தனியாக வட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தமிழர், முஸ்லிம்கள், நாவலப்பிட்டிப் பக்கச் சிங்களப் பிள்ளைகள் என்று கலந்தே இருக்கிறார்கள். மாதம் முடிந்தால் போடுவார்கள், முடியாவிட்டால் இல்லை. விதிகள் எழுத்தில் இல்லாவிட்டாலும் கறார். கடைசி வருடப் பிள்ளைகளுக்கு மட்டும். பணம் பிள்ளையின் கைக்குப் போகாது; கல்லூரிக் கணக்கில் கட்டி, ரிசீட்டைக் குழுவில் போடுவார்கள். வேலை கிடைத்ததும் வட்டியில்லாமல் திருப்பிப் போட வேண்டும். யாருடைய படமும் எங்கேயும் வராது.

ஒருவர் வாங்கிவிட்டு வெளிநாடு போய், குழுவிலிருந்தும் விலகிவிட்டார். அவர் பெயரை முகநூலில் போடலாம் என்று சிலர் நின்றார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அதில் மனம் கசந்து இரண்டு பேர் பணம் போடுவதை நிறுத்தினார்கள். இன்றுவரை அந்தக் கசப்பு ஆறவில்லை.

எனக்குள்ள அச்சம் வேறு. பணம் இரண்டு பேரின் கூட்டுக் கணக்கில் கிடக்கிறது. நம்பிக்கையான பிள்ளைகள்தான், நம்பிக்கை இருக்கும்போதே எழுதிப் பதிந்துகொள்வது நல்லது. 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதியலாம். அலைச்சல்தான், ஆனால் பெரிய தொகை கொடுக்க வருபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

கடை மாடியில் பேசியது

முதலாளியையும் அக்காவையும் சேர்த்து உட்கார வைத்தது அந்த மாணவிதான். வேறு யாருக்கும் அவர்கள் இருவரையும் தெரியாது. ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில், பெயின்ட் வாளிகளுக்கு நடுவே பேச்சு நடந்தது. முதலாளி எடுத்த எடுப்பிலேயே, இனி முதல் வருடத்துக்கு ஒரு சதமும் இல்லை, எல்லாம் மூன்றாம் வருடத்துக்கு என்றார். அக்கா தலையாட்டினார். இணைப்பாளர் மட்டும் மறுத்தார். முதல் வருட உதவி இல்லாவிட்டால் பாதிப் பிள்ளைகள் வாசலுக்கே வரமாட்டார்கள் என்பது அவருடைய வாதம். சொந்த நலனுக்காகச் சொன்னதுதான் என்றாலும் சரியான வாதம். கையில் ஒரு துண்டுக் காசோலை இருந்ததால்தான் இந்த மாணவியின் அப்பா அவரை ஆடைத் தொழிற்சாலைக்கு அனுப்பாமல் விட்டார்.

கடைசியில் நடந்தது ஒரு பேரம். சேரும்போது பதிவுக் கட்டணம் மட்டும் முதலாளி கொடுப்பார். மீதியை அந்தப் பிள்ளையின் பெயரில் ஒதுக்கி வைத்து, எச்.என்.டி. முடித்ததும் மூன்று தவணையாகப் பழைய மாணவர் குழு வழியே விடுவார். மூன்றாம் வருடத்தில் பவுண் பங்கு எவ்வளவு, அது எந்த நாள் விலையில் ரூபாவாக்கப்படும், இடையில் நின்றால் எந்தச் சான்றிதழ் கையில் இருக்கும் என்பதைச் சேரும் நாளிலேயே தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். முதலாவதுக்கும் கடைசிக்கும் கல்லூரி ஒத்துக்கொண்டது. விலை விஷயத்தில் வெளிநாட்டுப் பங்காளியைக் கேட்க வேண்டும் என்றது. மேடை வேண்டாமா என்று கேட்டதற்கு முதலாளி கொஞ்சம் தயங்கினார். அம்மாவின் திதியன்று பெயரை ஒருதரம் வாசித்தால் போதும் என்றார். அதை யாரும் மறுக்கவில்லை.

மாணவி 2025 செப்டெம்பரில் திரும்பவும் சேர்ந்தார். நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. லயத்துக்கு மேலே மண் பிளந்து, குடும்பம் பாடசாலையில் தங்கியது. பாதையும் இல்லை, சிக்னலும் இல்லை. இந்த இடத்தில் கல்லூரியைப் பாராட்ட வேண்டும். யாரும் கேட்காமலே, பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் கணக்குகளைப் பூட்டாமல் விட்டது, ஒப்படைத் திகதிகளைத் தள்ளிவைக்கும்படி பங்காளிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியது. பழைய மாணவர் குழு அந்த மாதம் சேர்ந்ததையெல்லாம் அரிசி, பருப்பு, பால்மா என்று அனுப்பிவிட்டதால் மாணவியின் இரண்டாம் தவணை பிந்தியது. முதலாளி முன்பணமாகக் கட்டினார். மாணவி இப்போது இறுதித் திட்ட அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமைகளில் தன்னைப் போல வலப்பக்கத்தில் சிங்களம் எழுதும் புதிய பிள்ளைகள் இருவருக்கு விளக்கமும் சொல்கிறார்.

முதலாளி கேட்ட பட்டியலைக் கல்லூரி தயாரித்துக் கொடுத்துவிட்டது. பெயர், சேர்ந்த வருடம், கொடுத்த தொகை எல்லாம் நிரம்பியிருக்கிறது. 'முடித்த வருடம்' என்ற நிரலில் பாதிக்கு மேல் வெறுமை. அது நிரம்பும்வரை அடுத்த காசோலையில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவர் நிற்கிறார். அடுத்த உட்சேர்ப்புக்கான துண்டுப்பிரசுரத்தில் அவருடைய தாயின் பெயரிலான புலமைப்பரிசில் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது.